மத்தியானத்தில் பூங்காவைத் திறப்பது

அந்த வருடம் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. மகள் கோயம்புத்தூரில் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டாள். கணவருக்கு ஓசூரில் வேலை. தனியாக எதற்கு ஒரு வாடகை வீடு என்று, கே.கே. நகரில் அப்பா அம்மா இருந்த வீட்டுக்கே பெட்டியோடு வந்து சேர்ந்திருந்தேன். நாற்பது தாண்டிய பிறகு பிறந்த வீட்டில் மறுபடி குடியேறுவது கொஞ்சம் கூச்சமான காரியம். எந்த நாற்காலியும் என்னுடையது இல்லை போலிருக்கும். காபியைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறைக்கும் வாசலுக்குமாக நடப்பேன்.

“ஏண்டி, கால்ல சக்கரத்தக் கட்டுன மாதிரி அங்கிட்டும் இங்கிட்டும் அலையுற?” என்பாள் அம்மா.

அந்த நிலையில்தான் அலுவலகத்தில் என்னைப் பூங்காப் பிரிவுக்கு மாற்றினார்கள். அதுவரை நான் மழைநீர் வடிகால் பார்த்துக்கொண்டிருந்த பொறியாளர். வடிகாலில் ஒரு நிம்மதி உண்டு. மழை பெய்தால் தண்ணீர் ஓடுகிறதா, தேங்குகிறதா என்பது அன்றைக்கே தெரிந்துவிடும். திட்டு வாங்குவதென்றாலும் உடனே வாங்கிவிடலாம். பூங்காவில் எது நன்றாக நடக்கிறது, எது கெட்டுப்போகிறது என்று எதை வைத்துச் சொல்வது? எனக்குப் பிடிபடவில்லை. பிடிபடாத அதே கேள்வியைத்தான் மேலதிகாரி முதல் வாரத்திலேயே என் மேஜையில் தூக்கி வைத்தார்.

அவர் வேறு மாவட்டத்திலிருந்து புதிதாக வந்தவர். என்னைவிட வயதில் சிறியவர், வேகமாகப் பேசுவார். “மேடம், இன்னும் பத்து வருஷத்துல இந்த ஊர்ப் பூங்கா எல்லாம் எப்படி இருக்கணும்? வருஷா வருஷம் அளந்து காட்டுற மாதிரி இலக்கு வேணும். நீங்க எழுதுங்க. ரெண்டு மாசத்துல கருத்துக் கேட்புக் கூட்டம் வச்சிரலாம்.”

முதல் வரைவு சுலபமாக வந்துவிட்டது. எத்தனை மரக்கன்று நடுவோம், எத்தனை நீரூற்று அமைப்போம், எத்தனை இடத்தில் உடற்பயிற்சிக் கருவி வைப்போம். மேலதிகாரிக்குப் பிடித்திருந்தது. எனக்குத்தான் நெஞ்சில் ஏதோ உறுத்தியது. அதைத் திரும்பப் படித்தபோது காரணம் புரிந்தது. ஒரு மனிதர்கூட எந்தப் பூங்காவுக்குள்ளும் காலெடுத்து வைக்காமலே, அதில் இருந்த அத்தனை இலக்குகளையும் நாங்கள் எட்டிவிட முடியும். நட்ட கன்றுகள் மறு மாதமே கருகினாலும் நட்டது நட்டதுதான்.

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். உட்கார முடியாத எனக்கு அது ஒரு சாக்காகவும் இருந்தது.

ஒத்தக்கடைப் பக்கம் புதிதாகப் பிரித்த மனைகளுக்கு நடுவே, வரைபடத்தில் பச்சை வண்ணம் அடித்த இடத்தைத் தேடிப் போனேன். சீமைக்கருவேல் மண்டி, நடுவில் யாரோ கலவை போட்ட சிமென்ட் பாறையாக இறுகிக் கிடந்தது. சுற்றிலும் புது வீடுகள், மொட்டை மாடிகளில் துணிகள். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் வந்து, “இங்க என்ன வருது மேடம், செல் டவரா?” என்று கேட்டார். பூங்கா என்றேன். அவர் சிரிக்கவில்லை. “நாங்க மனை வாங்கும்போதே அப்படித்தான் சொன்னாங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். எதிரே யானைமலை வெயிலில் வெளிறிப்போய்க் கிடந்தது. காற்று அனலாக அடித்தது. அந்தக் கருவேலங்காட்டில் ஒதுங்கி நிற்கக்கூட நிழல் இல்லை.

வில்லாபுரத்துப் பூங்காவுக்கு நான் போய்ச் சேர்ந்தது மத்தியானச் சாப்பாட்டு நேரம். கேட் பூட்டியிருந்தது. ஊரில் பல பூங்காக்களில் பழகிப்போன வழக்கம் இது. காலையில் நடப்பவர்களுக்காகத் திறப்பார்கள், பத்து மணிக்குப் பூட்டுவார்கள், நாலு மணிக்கு மறுபடி திறப்பார்கள். மதில் சுவரை ஒட்டி, நிழல் ஒரு முழம் அகலத்துக்கு விழுந்த இடத்தில், பத்துப் பதினைந்து பெண்கள் காலை மடக்கி உட்கார்ந்து டிபன் பாக்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பக்கத்துத் தையல் கம்பெனியில் வேலை செய்பவர்கள். கேட் கம்பிக்கு அந்தப் பக்கம் பெரிய புங்கை மரம், அடியில் நீளமான சிமென்ட் பெஞ்சு, அதில் ஒரு நாய்.

“உள்ள போய் உட்காரலாமே?” என்று ஒரு பெண்ணிடம் கேட்டேன்.

“பூட்டு போட்டிருக்காங்கள்லக்கா.”

“திறக்கச் சொல்லிக் கேட்டதில்லையா?”

“கேட்டோம். கண்டவங்க வந்து படுத்துக்கிருவாங்கன்னு சொல்லிட்டாங்க.” அவள் டிபன் பாக்ஸை மூடினாள். “மிஷின்ல உக்காந்து உக்காந்து முதுகு விட்டுப்போகுது. செத்த நேரம் சாஞ்சா போதும். அம்புட்டுத்தான் கேட்டோம்.”

அன்று மாலையே வரைவை மாற்றி எழுதினேன். நட்ட கன்று மூன்றாவது கோடையிலும் உயிரோடு இருக்க வேண்டும். உச்சி வெயிலில் நடைபாதையில் எவ்வளவு தூரம் நிழல் விழுகிறது என்று ஆண்டுதோறும் அளக்க வேண்டும். எந்த வீட்டிலிருந்தும் ஒரு முதியவர் நடந்தே வந்து சேரும் தூரத்தில் ஒரு பூங்கா இருக்க வேண்டும். எல்லாப் பூங்காவும் காலை முதல் மாலை வரை பூட்டாமல் திறந்திருக்க வேண்டும். எழுதி முடித்தபோது மனசு கொஞ்சம் அடங்கியது. அது ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிக்கவில்லை. ஏனென்றால் வீட்டில் அப்பா இருந்தார்.

அப்பா ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர். எங்கள் பகுதியில் நடைப்பயிற்சி செய்பவர்கள் சேர்ந்து நடத்திய சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். பக்கத்துப் பூங்காவின் சாவி எங்கள் வீட்டுச் சுவரில்தான் தொங்கியது. பகலில் பூட்டும் ஏற்பாடே அவர் முன்னின்று கொண்டு வந்தது. அதற்குக் காரணம் இருந்தது. சில வருடங்களுக்கு முன்பு அந்தப் பூங்காவில் யாரோ ஒருவன் அம்மாவின் கழுத்துச் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடினான். கீழே விழுந்த அம்மாவுக்கு முழங்கையில் தையல் போட்டார்கள். அதன் பிறகு அம்மா பூங்காப் பக்கம் போகவில்லை. அப்பா மற்றவர்களைச் சேர்த்துக்கொண்டு, மனு எழுதி, பூட்டு வாங்கினார்.

சாப்பிடும்போது வரைவில் என்ன இருக்கிறது என்று கேட்டார். சொன்னேன். அவர் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“நாள் முழுக்கத் திறந்து வைக்கிறதுன்னா பாத்துக்கிறது யாரு பாப்பா?”

“அதுக்கு ஆள் போடலாம்ப்பா.”

“போடலாம்னு எழுதியிருக்கியா, போடணும்னு எழுதியிருக்கியா?”

நான் எழுதவே இல்லை. தட்டில் ரசத்தை ஊற்றிக்கொண்டேன்.

“நீ எழுதுறத எழுது. கூட்டத்துல நான் எதுத்துத்தான் பேசுவேன். இப்பவே சொல்லிட்டேன்” என்றார்.

சொன்னபடியே செய்தார். கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. நலச்சங்கத்துக்காரர்கள், நடைப்பயிற்சிக்காரர்கள், இரண்டு மூன்று கல்லூரி மாணவர்கள். தையல் கம்பெனிப் பெண்களையும் கூப்பிட்டிருந்தேன், ஆனால் கூட்டம் வைத்த நேரம் அவர்கள் வேலை நேரம். அது எனக்கு மண்டப மேடையில் ஏறி நின்ற பிறகுதான் உறைத்தது. மாணவர்களில் ஒருவன் எழுந்து, “காதலிக்கிறவங்க வருவாங்கன்னுதானே பூட்டுறீங்க? காதலிச்சா மரம் பட்டுப்போகுமா?” என்று கேட்டான். பின்வரிசையில் சிரிப்பு. முன்வரிசை முகங்கள் இறுகின.

அப்பா வெள்ளைச் சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டு வந்திருந்தார். மைக்கை வாங்கி, “மேடத்துக்கு வணக்கம்” என்று ஆரம்பித்தார்.

அந்த ஒரு சொல்லில் எனக்குக் காது சுட்டது.

“பத்து வருஷத்துக்கு இலக்கு வச்சிருக்கீங்க, சந்தோஷம். பத்து வருஷமும் மேடம் இந்த நாற்காலியில இருக்கப் போறதில்ல. நாளைக்கு மாறிப் போயிருவாங்க. கேட்டைத் திறந்து விட்டுட்டுப் போறவங்க ஒருத்தர், அடிபடுறவங்க வேற ஒருத்தர். அடிபட்டவங்க வீட்டுல இருந்து பேசுறேன். எங்க பூங்காவுக்குப் பூட்டு வேணும்.”

கைதட்டினார்கள். நான் எழுந்து ஏதோ சொன்னேன். புள்ளிவிவரம் சேகரிப்போம், பரிசீலிப்போம் என்று, எனக்கே பிடிக்காத சொற்கள். திரும்பும்போது காரில் மேலதிகாரி, “அந்த வெள்ளைச் சட்டை சார் உங்க அப்பாவாமே மேடம்?” என்று கேட்டார். ஆமாம் என்றேன்.  அவர் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

வீட்டில் அப்பாவும் நானும் பேச்சை நிறுத்திவிட்டோம். சண்டை என்று ஒன்றும் இல்லை. அவர் கூடத்துக்கு வந்தால் நான் மாடிக்குப் போவேன், நான் இறங்கினால் அவர் செய்தித்தாளை விரித்துக்கொள்வார். சமையலறையில் நின்றபடியே சாப்பிட்டேன். அலுவலகத்தில் வேறு கோப்புகளைத் திறப்பேன், மூடுவேன். அப்பா சொன்னது தப்பு என்று எனக்குள்ளேயே எத்தனையோ விதமாக வாதாடிப் பார்த்தேன். முழுத் தப்பு என்று ஒரு தடவைகூட ஜெயிக்க முடியவில்லை. அதுதான் என்னைத் தின்றது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் நின்று நார் உரித்துக் கொடுத்தேன்.

“உங்க ரெண்டு பேருக்கும் ஒரு விஷயம் தெரியுமாடி?” என்றாள் திடீரென்று. “எனக்கு நடக்கவே பிடிக்காது.”

“என்னம்மா சொல்ற?”

“அப்பவே பிடிக்காது. உங்க அப்பா வெரசா போவாரு, நான் பின்னாடியே லொங்கு லொங்குன்னு ஓடணும். அஞ்சு நிமிஷம் பெஞ்சுல உக்காந்தா அவரு கூட்டாளிங்க எல்லாம், ‘என்ன டீச்சர், அதுக்குள்ளயா’ன்னு கேப்பாங்க. நான் டீச்சரும் இல்ல ஒண்ணும் இல்ல, வாத்தியார் பொண்டாட்டி. எனக்குச் சும்மா உக்காரணும். நாலு பேரு போறதப் பாக்கணும். அதுக்கு மத்தியானத்துலதான் ஒழியும். காலையில இட்லி யாரு ஊத்துறது?”

“அப்ப சங்கிலி போனதுனால போகாம இல்லையா?”

“பயம் கொஞ்ச நாள் இருந்துச்சு. போயிருச்சு. அதுக்குள்ள உங்கப்பா பூட்டு வாங்கிட்டாரு.”

அவளை அப்படியே விட எனக்கு மனமில்லை. மறுநாள் மத்தியானம் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார வைத்து வில்லாபுரத்துக்கு அழைத்துப் போனேன். பெண்கள் அதே மதிலோரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவர்கள் நடுவில் போய் உட்கார்ந்துவிட்டாள். நான் சாலையில் நின்று கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தேன். என்ன குழம்பு, எந்த ஊர்ப் பக்கம், கம்பெனியில் பாத்ரூம் போக விடுவார்களா என்று பேச்சு எங்கெங்கோ போனது. ஒருத்தி அம்மாவுக்குக் கத்தரிக்காய் வதக்கல் கொடுத்தாள். மணி அடித்ததும் எல்லோரும் எழுந்து ஓடினார்கள். அம்மா தனியாக உட்கார்ந்து கம்பிக்குள் பார்த்தாள்.

“இந்த நாயி எப்படி உள்ள போச்சு?” என்று கேட்டாள்.

அன்று மாலை அப்பா சாவியை எடுத்துக்கொண்டு பூங்காவைத் திறக்கக் கிளம்பினார். அம்மா வாசற்படியில் நின்றிருந்தாள்.

“ஏங்க, சங்கிலி என் கழுத்துல இருந்துதான போச்சு? என்னைய ஒரு வார்த்தை கேட்டீங்களா, பூட்டலாமா வேணாமான்னு?”

அப்பா செருப்பில் ஒரு காலை நுழைத்தபடி நின்றார்.  பிறகு, “வாரேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரவுச் சாப்பாட்டின்போது என் எதிரில் வந்து உட்கார்ந்தார். வரைவைக் கொண்டுவரச் சொன்னார். நான் மனம் மாறிவிட்டாரோ என்று நினைத்தேன். மாறவில்லை.

“திறந்திருக்கணும்னு மட்டும் போட்டா, திறந்து போட்டுட்டு அளந்தாச்சுன்னு சொல்லிருவாங்க. உன் ஆபீஸப் பத்தி உனக்குத் தெரியாதா? திறந்திருக்கிற நேரத்துல ஒரு காவலாள் இருக்கணும். கக்கூஸ் சுத்தமா இருக்கணும், அதுல தண்ணி வரணும். இந்த மூணும் இருந்தாத்தான் அந்த மணிநேரத்தைக் கணக்குல சேக்கணும். இல்லைன்னா சைபர்.”

“அப்படிப் போட்டா முதல் வருஷம் எல்லாமே சைபர்தான்ப்பா வரும்.”

“வரட்டும். பத்து வருஷம் இருக்குல்ல?”

நான் வாதாடினேன். அவ்வளவு கடுமையாக எழுதினால் மேலதிகாரி வெட்டிவிடுவார் என்றேன். அப்பாவோ, வெட்டுகிற மாதிரி எழுதாதே, வெட்டினால் வெட்டிய இடம் பல்லிளிக்கிற மாதிரி எழுது என்றார். ஒரே வாக்கியத்தை மூன்று நான்கு விதமாக எழுதிப் பார்த்தோம். அம்மா நடுவில் தட்டுகளை எடுத்துக்கொண்டு போனாள். போகிறபோக்கில், “உக்காருறதுக்கு என்ன போட்டிருக்கீங்க?” என்று கேட்டாள். அதற்கும் ஒரு இலக்கு எழுதினேன்: வருகிறவர்களில் எத்தனை பேர் நடக்கிறார்கள் என்பதோடு, எத்தனை பேர் உட்கார்ந்து இருக்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும்.

மேலதிகாரி உட்காருவதை வெட்டினார். “சோம்பேறித்தனத்துக்கு இலக்கா மேடம்?” என்றார். நிழலை விட்டுவைத்தார். மூன்றாம் கோடைக் கன்று தப்பியது. ஒத்தக்கடைப் பக்கத்துப் புது மனைகளை, ‘பின்னர் பரிசீலிக்கலாம்’ என்று கடைசிப் பக்கத்துக்குத் தள்ளினார். கேட்டைத் திறப்பதை, காவலாளும் கழிப்பறையும் சேர்த்து, முதலில் சில இடங்களில் மட்டும் சோதித்துப் பார்க்கலாம் என்று ஒப்புக்கொண்டார். அந்த இடங்களில் வில்லாபுரம் இருந்தது. கே.கே. நகர் இல்லை. அப்பாவின் சங்கம் சம்மதிக்கவில்லை, அப்பா உட்பட.

மத்தியானத்தில் திறந்த முதல் நாள் எனக்கு அலுவலகத்தில் இருப்புக் கொள்ளவில்லை. போய் வாசலில் நின்றேன். காவலுக்குப் போட்டிருந்த பெண், நீலச் சட்டையும் தொப்பியுமாக, என்னைவிடப் பதற்றமாக இருந்தாள். முதலில் வந்தது சீட்டுக்கட்டோடு நான்கு ஆண்கள். பிறகு ஒருவர் நேராகப் புங்கை மரத்தடிக்குப் போய், துண்டை விரித்துப் படுத்துவிட்டார். ஒரு கல்லூரி ஜோடி மூலையில் ஒதுங்கியது. நான் பயந்ததெல்லாம் வரிசையாக வந்தது. தையல் கம்பெனிப் பெண்கள் மட்டும் வரவில்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது. கைப்பையின் வாரை நான் முறுக்கிய முறுக்கில் அது நைந்துபோனது.

கடைசியில் வந்தார்கள். வாசலிலேயே தயங்கி நின்றார்கள்.

“வாங்கக்கா, உள்ள வாங்க. கக்கூஸ் அங்கிட்டு இருக்கு, நல்லா இருக்கு” என்றாள் காவல் பெண். பிறகு திரும்பிப் போய், படுத்திருந்தவரைத் தட்டி எழுப்பினாள். “அண்ணே, செத்த தள்ளிப் படுங்க. பெஞ்சுக்கு ஆள் வந்திருச்சு.”

அவர் முனகாமல் தள்ளிப் படுத்தார். பெண்கள் நிழலில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தார்கள். அன்று என்னிடம் பேசியவள் வேகமாகச் சாப்பிட்டு முடித்து, பெஞ்சில் காலை நீட்டிச் சாய்ந்தாள். அடுத்த நிமிடம் வாய் திறந்தபடி தூங்கிவிட்டாள்.

மறு வாரமே புகார் வந்தது. அந்த ஜோடியைப் பற்றி எதிர் வீட்டுக்காரர் மேலதிகாரியிடம் போனில் சொல்லியிருந்தார். பூட்டிவிடலாமா என்று மேலதிகாரி கேட்டார். வருடக் கடைசியில் அளந்து பார்ப்பது என்று எழுதியிருக்கிறோம், ஒரு போனை வைத்து முடிவு செய்ய முடியாது என்றேன்.  “எழுதினது நீங்க. என்ன ஆனாலும் நீங்கதான் பதில் சொல்லணும்” என்றார். பூட்டவில்லை.

ஆனால் பதில் சொல்ல நான் அங்கே இருக்கவில்லை. அப்பா மண்டபத்தில் சொன்னதுபோலவே, வருடம் முடிவதற்குள் என்னைக் குடிநீர்ப் பிரிவுக்கு மாற்றினார்கள். பத்து வருட இலக்கை எழுதியவள் முதல் வருட அளவைக்கூடப் பார்க்கவில்லை. எனக்குப் பின் வந்தவர் நல்ல மனிதர்தான். அந்த ஆவணத்தைப் படித்தாரா என்று அவரிடம் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அந்தப் பக்கமாகப் போக வேண்டிய வேலை வந்தால் வேறு சாலையில் சுற்றிக்கொண்டு போனேன். கேட் பூட்டியிருந்தால் பார்க்க வேண்டியிருக்குமே.

ஒருநாள் மத்தியானம் அப்பா போன் செய்தார். அலுவலக நேரத்தில் அவர் கூப்பிடமாட்டார், அதனால் கோப்பை மூடிவிட்டு உடனே எடுத்தேன்.

“வில்லாபுரத்துல இருக்கேன்” என்றார்.

“அங்க என்னப்பா?”

“உங்கம்மாவ வாரத்துக்கு ரெண்டு தடவ கொண்டாந்து விடுறேன். அவளுக்கு இங்க செட்டு சேந்திருச்சு. உனக்குத் தெரியாதா?”

எனக்குத் தெரியாது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு தெரியவில்லை.

“நீங்க என்ன பண்ணுவீங்க?”

“நடப்பேன். சும்மா உக்கார முடியுமா?” என்றார். “அது கிடக்கட்டும். இங்க பொம்பளைங்க பக்கத்துக் கக்கூஸ்ல குழாய் காலையில இருந்து வரலையாம். காவல் பொண்ணு சொல்லிச்சு. தண்ணி இல்லைன்னா இன்னைக்குக் கணக்கு சைபர். யார்கிட்ட சொல்லணும்?”

“நான் இப்ப அந்தப் பிரிவுல இல்லப்பா.”

“தண்ணி உன் பிரிவுதான பாப்பா?”

நான் எழுந்து நின்றேன். அந்தப் பகுதியின் வால்வு யார் பொறுப்பு என்று பக்கத்து மேஜையில் இருந்தவரைக் கேட்டபடியே, மற்றொரு கையால் ஸ்கூட்டர் சாவியைத் தேட ஆரம்பித்தேன்.